இடம் சொல்லிய மலரக்கா

மலரக்காவின் எண்ணிலிருந்துதான் அந்த அழைப்பு வந்தது. வியாழக்கிழமை மத்தியானம். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நின்று சாப்பிடுவது வீட்டுக்குக் கூடாது என்று சொல்பவர்கள் என் முதுகை ஒரு நாளைக்கு வாங்கிப் பார்க்கட்டும். இரண்டு நாட்களுக்கு முன்பு மருத்துவமனையில் உதடு அசைக்கவே சிரமப்பட்டவர் இப்போது தானே போன் எடுக்கிறார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. "சொல்லுங்கோ அக்கா" என்றேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல் தயங்கித் தயங்கி, "நாரியோ கதைக்கிறது?" என்று கேட்டது.

யாழ்ப்பாணத்தில் முதுகின் அடிப்பகுதியை நாரி என்போம். எனக்கு நோகிற இடம் அது. மலரக்கா எங்களையெல்லாம் நோகிற இடத்தின் பேரால்தான் போனில் பதிந்து வைத்திருந்தார். குரல், மலரக்காவின் கணவர் பாலன் அண்ணையுடையது. என் குரலை அவரும் கண்டுபிடித்துவிட்டார். "சேகர் தம்பியோ? நீங்களோ நாரி?" என்றார். "அக்கா விடியக்காத்தாலை போயிட்டா தம்பி. எல்லாருக்கும் சொல்லுவம் எண்டு அவவின்ரை போனை எடுத்தால் ஒருத்தரின்ரை பேரும் இல்லை. கழுத்து எண்டு இருக்கு. வலது கன்னம் எண்டு இருக்கு. உள்ளங்கால் எண்டு இருக்கு. நான் ஆருக்கெண்டு எடுக்கிறது?"

சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். உள்ளங்கால் என்றால் டூட்டிங்கில் பலசரக்குக் கடையில் நிற்கும் குலம். கழுத்து என்றால் பஸ் ஓட்டுகிறவர். கன்னம் என்றால் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாலன் அண்ணை ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். அவர்கள் எல்லோருக்கும் அவர் தன் கையால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர். முகம் தெரியும், உறுப்புத் தெரியாது. அன்று பின்னேரத்துக்குள் மலரக்கா இறந்த செய்தி கழுத்துக்கும் கன்னத்துக்கும் உள்ளங்காலுக்கும் போய்ச் சேர்ந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

மலரக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரண அறிவித்தலில் அன்பு மனைவி, பாசமிகு அக்கா, பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் பணியாற்றியவர் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். பிளேஸ்டோவில் அவர் நடத்திய சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்கவும் ஏலாது. நாங்கள் கூடிப் பேசிய பொருள் அப்படி. ஆகவே நானும் சில பெயர்களை மாற்றியிருக்கிறேன். நோகிற இடங்களை மட்டும் மாற்றவில்லை. அவர் அதை விரும்பியிருக்க மாட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் வலிப் பிரிவில், காத்திருக்கும் அறையில். அப்போது நான் ஜெர்மனியிலிருந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அங்கேயும் இங்கேயும் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதித்துப் பதித்து என் நாரி தேய்ந்துபோய், அதற்கொரு அறுவைச் சிகிச்சையும் நடந்து, சிகிச்சைக்குப் பிறகு நோ இன்னும் கூடியிருந்தது. அந்தப் பிரிவில் வருகிற எல்லோரிடமும் மனித உருவம் ஒன்று முன்னும் பின்னுமாகக் கீறிய தாளைத் தருவார்கள். நோகிற இடத்தைப் பேனையால் தீட்டிக் கொடுக்க வேண்டும். நான் என் பங்குக்கு முதுகில் ஒரு பெரிய கறுப்புப் பொட்டு வைத்துவிட்டு, பொழுது போகாமல் பக்கத்தில் இருந்த பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தேன். மெலிந்த பெண். வெயில் நாளிலும் கம்பளித் தொப்பி. அவர் இடது தோள்பட்டையின் பின்பக்கத்தில் ஒரு கையை வரைந்திருந்தார். சின்னக் கை. ஐந்து விரல்களும் தெளிவாக, தோளைப் பின்னாலிருந்து பிடித்தபடி.

எட்டிப் பார்த்ததை அவர் கண்டுவிட்டார். தமிழ் முகம் என்றும் கண்டுகொண்டார். "என்ன தம்பி, வடிவாக் கீறியிருக்கிறனோ?" என்றார். நோகிற இடத்தைத்தானே தீட்டச் சொன்னார்கள் என்றேன். "இதுதான் நோகிற இடம். இருக்கிறதைத்தானே கீற வேணும்" என்றார். சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் அப்படித்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். தோள் மட்டும் குலுங்கும், அதிலும் வலது தோள் மட்டும். அந்தத் தோளில் ஷெல் துண்டுகள் இருக்கின்றன, நரம்பு கெட்டுப் போயிருக்கிறது, மருத்துவர் அதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார் என்று அவரே சொன்னார். கை ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறகு, "மருந்து வேலை செய்யுதோ?" என்று கேட்டார். தருகிற குளிசையில் நோ அரைவாசி குறைகிறது, மலசலகூடப் பக்கம் போவது முழுவதும் நின்றுவிட்டது என்றேன். "அப்ப சனிக்கிழமை வீட்டை வாரும்" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் இப்படிக் கூப்பிட்டால் நான் போகிறவன் இல்லை. போனேன்.

சனிக்கிழமைக் கூட்டம் என்னவென்று உங்களில் வராதவர்களுக்குச் சொல்கிறேன். பின்னேரம் அவருடைய வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கதிரைகள் எல்லாம் வேறு வேறு உயரம். ஒவ்வொருவருடைய நோவுக்கும் ஒரு கதிரை. என்னைப் போன்ற சிலருக்குச் சுவர். ஒவ்வொருவரும் அந்தக் கிழமை எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது, கோயில் நேர்த்தி சொல்லக் கூடாது, என் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்று தொடங்கவே கூடாது. கேட்க மட்டும் வேண்டும். தமிழர்களைப் பேசாமல் கேட்க வைத்த ஒரே கூட்டம் லண்டனில் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த அறையில் பாதிப் பேர் கஞ்சா எடுத்தார்கள். அந்தச் சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை, "மற்றது" என்போம். ஒருவருக்குச் சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்து வாய்க்குள் தெளிக்கிற மருந்தாக அது கிடைத்தது. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. பிடிபட்டால் வழக்கு, வழக்கு வந்தால் விசா என்னாகும், வேலை என்னாகும், கலியாணத்துக்கு நிற்கும் மகளின் பெயர் என்னாகும். இந்த வருடத் தொடக்கத்தில் சட்டம் இன்னும் இறுகியபோது சிலர் வருவதையே நிறுத்தினார்கள். மலரக்காவின் நிலைப்பாடு ஒன்றுதான். "நான் வேண்டித் தரமாட்டன். எடுங்கோ எண்டும் சொல்லமாட்டன், விடுங்கோ எண்டும் சொல்லமாட்டன். டொக்டரிட்டை ஒளிக்காதேங்கோ. ஆனா எடுக்கிற ஆள் தனிச்சு இருக்கக் கூடாது." வீட்டில் வாசம் நிற்காமல் இருக்கப் பாலன் அண்ணை சாம்பிராணி போடுவார். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண், இவ்வளவு பக்தியான குடும்பத்தைத் தான் கண்டதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

தனிச்சு இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. மற்றது எல்லோருக்கும் சிரிப்பையும் நித்திரையையும் கொடுப்பதில்லை. எங்களில் பலர் எங்கெங்கோ எதையெதையோ பார்த்து வந்தவர்கள். நோ தளர்ந்ததும் கண்டது கேட்டதெல்லாம் திரும்பி வரும். வந்தால் அறை மறைந்துபோகும். ஆகவே புதிதாக எடுக்கிறவருக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவர் இருப்போம். இருப்பவர் அன்று மற்றதைத் தொடக் கூடாது. அவருக்கு வேலை ஒன்றுதான்: இடம் சொல்வது. நீ இன்னார், இன்ன ஊரில் இருக்கிறாய், இன்ன கிழமை, இது சுவர், இது கதவு. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மலரக்கா ஏற்படுத்திய முறை இது. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை.

எனக்கு முதலில் இடம் சொன்னவர் அவரே. மற்றதை எடுத்துவிட்டு அவருடைய முன்னறையில், சுவரோரம் விரித்த பாயில் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நோ உடம்பை விட்டது, ஆனால் போய்விடவில்லை. எழும்பி அறையின் அந்த மூலையில் போய் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. டைல்ஸ் பதிக்கும்போது ரப்பர் சுத்தியலால் தட்டுவோமே, அந்தச் சத்தம். யாரோ நிலத்துக்கு அடியில் இருந்து, அடிப்பக்கமாக, எனக்கு நேர் கீழே பதித்துக்கொண்டு வருகிறார்கள். அப்போது மலரக்காவின் குரல் வந்தது. "சேகர், நீர் பிளேஸ்டோவிலை இருக்கிறீர். சனிக்கிழமை பின்னேரம். கதவு பூட்டியிருக்கு, திறப்பு உள்ளுக்கை இருக்கு. வெளியிலை மழை தூறுது. கீழை மண்தான். கீழை ஆரும் இல்லை." தட்டுவது நின்றது.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிறகு தேத்தண்ணீர் குடிக்கும்போது, கீழே சத்தம் கேட்டது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீர் நிலத்தைத்தானே பாத்துக்கொண்டு கிடந்தீர்" என்றார். எனக்குக் கடவுளிலும் நம்பிக்கை இல்லை, பேயிலும் இல்லை. அந்த விளக்கம் எனக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டேன். என் கண்கள் மூடியிருந்தன என்பது இரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் நினைவு வந்தது.

அவர் கோபப்பட்டு நான் கண்டது ஒருமுறைதான். குலத்தை உங்களுக்குத் தெரியும். அவனுடைய உள்ளங்கால்களில் அடித்தவர்கள் யார், எங்கே என்பதை அவனே சொல்லாதபோது நான் சொல்ல மாட்டேன். அவன் முதல்முறை எடுத்தபோது எங்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. அறையில் கூட இருக்கும் மச்சானே இடம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். மச்சான் நல்ல பிள்ளை. குலம் நடுங்கத் தொடங்கியதும், எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்களோ அதைச் சொல்லியிருக்கிறான். "பயப்பிடாதை மச்சான், ஊரிலை எங்கடை வீட்டிலைதான் படுத்திருக்கிறாய், மாமி பக்கத்திலை நிக்கிறா" என்று. அந்த வீட்டிலிருந்துதான் ஆமி குலத்தைக் கொண்டுபோனது. குலம் எழும்பி உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

மச்சான் மலரக்காவுக்குப் போன் அடித்தபோது கூட்டம் கலைந்து நான் மட்டும் அங்கே நின்றேன். போனை அலுமாரிக் கதவோடு பிடிக்கச் சொன்னார். யன்னலால் என்ன தெரிகிறது, சுவர் என்ன நிறம், அலுமாரிக்குள் என்ன தொங்குகிறது என்று மச்சானிடம் கேட்டுக் கேட்டுக் குலத்துக்குச் சொன்னார். "இது டூட்டிங், குலம். கீழை கடை. உம்மடை கையிலை படுறது மச்சான்ரை ஜக்கெற். வெளியிலை சிவப்புப் பஸ் ஒண்டு நிக்குது." நெடுநேரம் சொன்னார். சொல்லும்போது வலது கையால் தன் இடது தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசியில் அலுமாரி திறந்தது. அதன் பிறகு மச்சானுக்குக் கிடைத்த ஏச்சை நான் இங்கே எழுத மாட்டேன். ஏசி முடித்துவிட்டு, என்னையும் சேர்த்து ஏசுவது போலச் சொன்னார்: "ஒருநாளும் பொய் இடம் சொல்லாதேங்கோ. நல்ல இடமா இருந்தாலும் சொல்லாதேங்கோ. ஆள் எழும்பி அங்கை போயிடும்."

மலரக்கா தான் மற்றதை எடுத்தாரா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எடுத்தார், மிகக் கொஞ்சமாக. ஒரு நாளைத் தவிர, நோ தளரும் அளவுக்கு எடுத்ததில்லை. மற்ற எல்லோருக்கும் இடம் சொன்னவர், தனக்குச் சொல்ல ஒருவரையும் விட்டதில்லை. இந்த வருடம் வைகாசியில், ஊரில் போர் முடிந்த கிழமை, ஒரு பின்னேரம் என்னை வரச் சொன்னார். அந்தக் கிழமை எங்களில் யாரும் நித்திரை கொள்ளவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திய வீடே இல்லை. அவருடைய முகம் வெள்ளைத் துணி போல இருந்தது. கையை மேலே தூக்க முடியவில்லை, தலை சீவ முடியவில்லை. "இண்டைக்கு ஏலாது தம்பி. நீர் எனக்கு இடம் சொல்லும்" என்றார்.

நோ தளரும் அளவுக்கு மற்றதை எடுத்துவிட்டுப் பாயில் கிடந்தார். நான் இடம் சொன்னேன். பிளேஸ்டோ, பின்னேரம், யன்னலில் வெயில், குசினியில் பாலன் அண்ணை பாத்திரம் கழுவுகிறார். அவருடைய முகம் மெல்ல இளகியது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. இளம் பெண்ணைப் போல ஆகிவிட்டார். திடீரென்று கண்ணைத் திறந்து, தோளைத் தடவிப் பார்த்து, "கையை எடுக்கிறாள்" என்றார். "விடாதை, விடாதை, போகாதை." பாயிலிருந்து எழும்பிக் கதவுப் பக்கம் போகப் பார்த்தார். நான் இடம் சொல்லிக்கொண்டே வழியை மறித்து நின்றேன். யாரையும் தொடக் கூடாது என்பதும் அவருடைய விதி. நோ திரும்பி வந்ததும்தான் அமைதியானார். நோ வந்ததற்கு ஒருவர் அப்படி நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றுதான் ரதியைப் பற்றிச் சொன்னார். "என்ரை தங்கச்சி. பதினாலு வயசு. ஷெல்லடிக்கு ஒளிச்சுப் பங்கருக்குள்ளை எனக்குப் பின்னாலை இருந்து தோளைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள். நல்ல காய்ச்சல். எங்கையக்கா இருக்கிறம், எங்கையக்கா இருக்கிறம் எண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாப் போச்சு. வீட்டிலை இருக்கிறம் எண்டு சொன்னன். அம்மா குசினியிலை புட்டு அவிக்கிறா எண்டு சொன்னன். கேக்கிறதை நிப்பாட்டினாள். பிறகு கையை எடுத்தாள். அம்மாட்டைப் போறன் எண்டு எழும்பி வெளியிலை போனாள்." அவளைப் பிடிக்க மலரக்கா பின்னால் தாவியபோது ஷெல் விழுந்தது. "கண் முழிச்சுப் பாக்கேக்கை அவள் இல்லை. கை திரும்பி வந்திட்டுது. அண்டையிலை இருந்து எடுக்கேல்லை."

எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் என்று சொல்வது சுலபம். பயம் என்பதே சரி. அக்கா, அது நரம்பு, மருத்துவர் படம் எடுத்துக் காட்டினாரே என்றேன். "ஓம், நரம்புதான். நான் இல்லையெண்டு சொன்னனானோ?" என்றார். பிறகு சொன்னார்: "எனக்கு நோ இல்லாமல் இருக்க ஆசையில்லையோ தம்பி? ஒரு நாள் நிமிந்து படுக்க ஆசைதான். நான் விட்டால் அவள் எங்கை போவாள்? அவளுக்கு இன்னும் தான் எங்கை நிக்கிறன் எண்டு தெரியாது." நான் பாத்திரம் துடைக்கிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். அதன் பிறகு அவர் மற்றதைத் தொடவே இல்லை.

ஆவணியில் ஈரலில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோது எல்லாம் பரவி முடிந்திருந்தது. கடைசியாக நான் போனது செவ்வாய்க்கிழமை பின்னேரம். வார்டு வாசலிலேயே பாலன் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருந்தைக் கூட்டினால் நிம்மதியாப் போகலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். இவ வேண்டாம் வேண்டாம் எண்டு தலையை ஆட்டுறா. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறா. நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ தம்பி. என்னாலை பாக்க ஏலாமல் கிடக்கு" என்றார். ஐம்பது வயது கடந்த இரண்டு ஆம்பிளைகள் வார்டு வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதோம்.

உள்ளே போனேன். இடது பக்கத்துக் கதிரையில் என் மழைக்கோட்டைப் போட்டுவிட்டு வலது பக்கம் நின்றேன். மலரக்கா கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "எங்கை இருக்கிறன்?"

வீட்டில் இருக்கிறீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வந்தது. யாருக்குத்தான் வராது? ஆனால் கேட்டவர் மலரக்கா. "அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கிறீங்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம். யன்னல் கட்டில் உங்கடை. கதவு திறந்திருக்கு, வாசலிலை பாலன் அண்ணை நிக்கிறார். உங்களுக்குச் சுகம் வராது அக்கா" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினார். கேட்டது சரியாக இருந்ததுபோல முகம் ஆறியது. பிறகு, "அவளுக்கும் சொல்லும்" என்றார். நான் இடது பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். "நான் சொன்னால் நம்பமாட்டாள் தம்பி. நான் ஒருக்காப் பொய் சொன்னனான்."

இதை வாசிக்கிற நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டிலைச் சுற்றி இடது பக்கம் போனேன். கதிரையில் கிடந்த கோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அந்தக் கதிரையைப் பார்த்துச் சொன்னேன்: "ரதி, நீ லண்டனிலை இருக்கிறாய். இது ஆஸ்பத்திரி. இது வீடு இல்லை. இஞ்சை குசினி இல்லை. அம்மா இஞ்சை இல்லை. அக்கா கட்டிலிலை கிடக்கிறா, நீ அவவுக்குப் பக்கத்திலை இருக்கிறாய். ஷெல் அடிக்கேல்லை. நீ எழும்பத் தேவையில்லை." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கதிரை கதிரையாகவே இருந்தது. ஆனால் சொல்லி முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கேட்பதை நிறுத்தினால் வருகிற அமைதி அங்கே வந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மலரக்காவின் இடது தோள் தலையணையில் இறங்கியது. அந்தத் தோள் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. "இனி மருந்தைத் தரச் சொல்லும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. மருந்தைக் கூட்ட வந்த தாதி, குழாய் இடது பக்கத்தில் இருந்தும், கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில் நல்ல இடம் இருந்தும், அந்த இடைவெளிக்குள் நுழையாமல் கதிரையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனாள்.

சனிக்கிழமைக் கூட்டம் இப்போது டூட்டிங்கில், குலத்தின் அறையில் நடக்கிறது. படி ஏறுவது எங்களில் பாதிப் பேருக்குக் கொடுமை, ஏறுகிறோம். மலரக்காவிடமிருந்து உங்களுக்கு என்ன மிஞ்சியது என்று சுற்றி வரக் கேட்டோம். ஆசிரியை, பேசாமல் கேட்கப் பழகியதைச் சொன்னார். குலம் தன் சின்ன அலுமாரியைக் காட்டிச் சிரித்தான். என் முறை வந்தபோது நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு மிஞ்சியது என்னவென்பது போன கிழமைதான் தெரிந்தது. புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு நான் இடம் சொன்னேன். எல்லாம் நல்லபடி நடந்து அவள் ஆறுதலாக நித்திரையாகிவிட்டாள். என் வேலை முடிந்தது என்று எழும்பப் போனபோது, யாரோ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை என்று முன்னமே சொன்னேன், இப்போதும் இல்லை. ஆனால் அந்தப் பதினாலு வயதுப் பிள்ளைக்கு இடம் சொல்ல இந்த உலகத்தில் என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை. மலரக்கா தன் தங்கையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பவும் அமர்ந்தேன். நித்திரையாகக் கிடப்பவளுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"ரதி, நீ இப்ப டூட்டிங்கிலை இருக்கிறாய். சனிக்கிழமை பின்னேரம். அக்கா செத்துப்போனா. நான் இருக்கிறன்."